வேலையை விட்டாச்சு, பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன பிளான்?

கேள்வி: வணக்கம் சார். டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். எனக்கு 43 வயது. கிரீன் கார்டு கைக்கு வந்ததும் மே மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக கன்சல்டிங் ஆரம்பித்திருக்கிறேன். மனைவிக்கு பார்ட் டைம் வேலை, பெனிஃபிட்ஸ் எதுவும் கிடையாது. மெடிக்கலுக்கு, அரசின் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் ஒரு ‘ப்ரான்ஸ்’ பிளான் எடுத்துவிட்டோம். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன செய்வது என்றுதான் குழப்பம். என் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட 3,250 டாலர் ஆகும் என்று டென்டிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வருடம் முன்பு எடுத்த இன்னொரு பல்லுக்கு இம்பிளான்ட் வைக்கவும் யோசனை. எனக்குச் சுகர் உண்டு. மனைவி கான்டாக்ட் லென்ஸ் போடுகிறார், பல்லில் பிரச்சினை இல்லை. மகளுக்கு 11 வயது, கிளிப் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். மகனுக்கு 6. நான்கு பேருக்கும் டென்டல், விஷன் இரண்டும் சேர்த்து மாதம் 165 டாலர், ‘காத்திருப்புக் காலம் இல்லை’ என்று ஆன்லைனில் ஒரு பிளான் காட்டுகிறது. எடுக்கலாமா? பல் வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாமா? பழைய கம்பெனி இன்சூரன்ஸையே நம் சொந்தச் செலவில் தொடர வழி தரும் ‘கோப்ரா’ படிவத்தோடு ஒரு கவரும் வந்தது. மாதம் 2,300 டாலர் என்று பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன்.

பதில்: முதலில் அந்தக் கோப்ரா கவரைத் திரும்ப எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்கள் பார்த்த 2,300 டாலர் பெரும்பாலும் முழுக் குடும்பத்துக்குமான மெடிக்கல் தொகை. அந்த எண்ணைப் பார்த்தவுடன் எல்லோரும் கவரை மூடிவிடுகிறார்கள். உங்களைக் குறை சொல்லி என்ன பயன், அந்தப் படிவமே அப்படித்தான் அச்சாகி வருகிறது. அடுத்த பக்கத்தில், சில சமயம் அதே அட்டவணையின் அடியில், டென்டல் தனி வரியாகவும் விஷன் தனி வரியாகவும் இருக்கும். கம்பெனியில் அவை மெடிக்கலிலிருந்து பிரிந்த தனித்தனி பிளான்களாக இருந்தால், டென்டலை மட்டும் டிக் செய்து அனுப்பலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. அதாவது நீங்கள் ஒருவர் மட்டும் டென்டல் கோப்ரா எடுத்துக்கொண்டு, மற்ற மூவரையும் விட்டுவிடலாம்.

கோப்ராவில் முழு பிரீமியத்தோடு இரண்டு சதவீதம் நிர்வாகச் செலவும் உங்கள் தலையில் விழும். மெடிக்கலுக்கு அது கண்ணைக் கட்டும். டென்டலுக்கு முழு பிரீமியமே சின்னத் தொகைதான். ஒரு ஆளுக்கு மாதம் 30 முதல் 50 டாலர் வரை என்பது நான் வழக்கமாகப் பார்ப்பது. உங்கள் படிவத்தில் சரியான எண் இருக்கும்.

காலக்கெடு 60 நாள். கவரேஜ் முடிந்த தேதி, நோட்டீஸ் வந்த தேதி, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து கணக்கு. மே 31-உடன் முடிந்திருந்தால், ஜூலை கடைசி வரையாவது நேரம் இருக்கிறது. ‘எடுக்கிறேன்’ என்று எழுதி அனுப்பிய பிறகு முதல் பணம் கட்ட இன்னொரு 45 நாள். கவரேஜ் ஜூன் 1-லிருந்தே தொடங்கியதாகக் கணக்கில் வரும். அதனால் ஜூன் மாதப் பணத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும். அதிகபட்சம் 18 மாதம் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், உங்களுக்கு வேலை இருக்கும் பல் இப்போது இருக்கிறது. கடையில் தனியாக வாங்கும் டென்டல் பிளான்கள் நாளைக்கு வரப்போகும் பல்வலிக்காக எழுதப்பட்டவை. ஏற்கெனவே எழுதிக் கொடுத்த ரூட் கெனாலோடு வருபவரை எப்படி வெளியே நிறுத்துவது என்று யோசித்துத்தான் அவற்றின் விதிகளை அமைத்திருக்கிறார்கள். கம்பெனி பிளான் அப்படியில்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர், கோப்ராவில் அதே இடத்தில் தொடர்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,250 டாலர் என்பது பெரும்பாலும் டென்டிஸ்டின் முழு விலை. நெட்வொர்க்கில் இருக்கும், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு விலை ஒப்பந்தம் போட்டிருக்கும் டென்டிஸ்டிடம் ஒப்பந்த விலை அதைவிடக் குறைவாக இருக்கும். ரூட் கெனாலுக்கு 950, மேலே பல்லைக் கட்டியெழுப்பும் பில்ட்-அப்புக்கு 220, கேப்புக்கு 980, மொத்தம் 2,150 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வழக்கமான கம்பெனி பிளான் ஒன்று ரூட் கெனாலுக்கு 80 சதவீதமும், கேப்புக்கும் பில்ட்-அப்புக்கும் 50 சதவீதமும் தரும். பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய டிடக்டிபிள் 50 டாலர். அதைக் கழித்த பிறகு ரூட் கெனாலுக்கு 720, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 600. பிளான் தருவது 1,320, நீங்கள் கட்டுவது 830. கோப்ரா மாதம் 38 டாலர் என்றால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதத்துக்கு 266. ஆக உங்கள் கையிலிருந்து போவது 1,096 டாலர். பிளானின் வருட உச்சவரம்பு 1,500 என்றால் இது அதற்குள் அடங்கும். வருடத் தொடக்கத்தில் கிளீனிங் செய்திருந்தால் அதுவும் பல பிளான்களில் இந்த வரம்பிலிருந்து கழிந்திருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஆன்லைனில் பார்த்த பிளான். ‘காத்திருப்புக் காலம் இல்லை’ என்பது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். பெரிய வேலைகளுக்கு முதல் வருடம் 10 அல்லது 20 சதவீதம், இரண்டாம் வருடம் 30 அல்லது 40, மூன்றாம் வருடம்தான் 50 என்று படிப்படியாக ஏறும் பிளான்கள் நிறைய இருக்கின்றன. காத்திருக்க வேண்டாம்தான், ஆனால் காசும் வராது. ரூட் கெனாலையும் ‘பெரிய வேலை’ என்ற தலைப்பில் போட்டிருந்தால், உங்கள் 2,150-இல் டிடக்டிபிள் போக 20 சதவீதம் என்பது 420 டாலர். அதற்கு நான்கு பேரும் வருடத்துக்கு 1,980 டாலர் பிரீமியம் கட்டியிருப்பீர்கள். வேண்டாம்.

காத்திருப்புக் காலம் வெளிப்படையாகவே உள்ள பிளான்களில், பல் அடைப்பு மாதிரியான சாதாரண வேலைக்கு ஆறு மாதம், கேப், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு 12 மாதம் என்பது பொதுவான அளவு. உங்கள் பல் அதுவரை பொறுக்காது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் இந்தச் சந்தை முழுவதும் புரிந்துவிடும். மெடிக்கல் இன்சூரன்ஸில் உங்கள் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் கம்பெனி கட்டும். டென்டலில் தலைகீழ். கம்பெனியின் செலவுக்குத்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் நீங்கள் கட்ட வேண்டும். அந்த வரம்பும் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர் என்ற அளவிலேயே பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. கேப்பின் விலை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. பிரீமியத்தில் இவ்வளவு பங்கை சிகிச்சைக்குச் செலவிட்டாக வேண்டும் என்று மெடிக்கலுக்கு இருக்கும் மத்திய விதியும் தனி டென்டல் பிளான்களுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸ் மக்கள் 2022 நவம்பரில் ஓட்டுப் போட்டுத் தங்கள் மாநிலத்துக்கு 83 சதவீதம் என்று கொண்டுவந்தார்கள். நாம் டெக்சஸில் இருக்கிறோம். நான் இந்தத் தொழிலில் கமிஷன் வாங்கிப் பிழைப்பவன்தான். இருந்தாலும் சொல்கிறேன், பெரியவர்களுக்கான தனி டென்டல் பிளானை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்காதீர்கள். அடுத்த 12 மாதத்தில் உங்கள் வாயில் என்ன வேலை நடக்கும் என்று டென்டிஸ்டிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதை வைத்து வாங்குங்கள்.

எழுதி வாங்கும்போது சிகிச்சைத் தாளில் ஒவ்வொரு வேலைக்குமான குறியீட்டு எண்களும் இருக்கட்டும். கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு டி 3330, பில்ட்-அப்புக்கு டி 2950, செராமிக் கேப்புக்கு டி 2740. இந்த எண்கள் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனில் மழுப்பலான பதில் வராது. இன்னும் நல்லது, டென்டிஸ்ட் அலுவலகத்தையே முன்கூட்டியே மதிப்பீடு கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு தருவோம் என்று கம்பெனி எழுத்தில் பதில் அனுப்பும். வலி பொறுக்க முடியாத நிலை என்றால் மட்டும் இதற்காகக் காத்திருக்காதீர்கள். ரூட் கெனால் முடிந்த கடைவாய்ப் பல்லைக் கேப் இல்லாமல் மாதக்கணக்கில் விடவும் வேண்டாம், கடிக்கும்போது பிளந்துவிடும்.

டென்டிஸ்ட் அலுவலகத்தில் கேட்கும் கேள்வியிலும் கவனம் தேவை. “இந்த இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டால் எல்லா இடத்திலும் ‘ஓ, எடுத்துக்கொள்வோமே’ என்பார்கள். உங்கள் சார்பில் கிளெய்ம் அனுப்புவோம் என்பதுதான் அதற்குப் பொருள். “இந்த பிளானின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?” என்று, கார்டில் இருக்கும் நெட்வொர்க் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனிக்குள்ளேயே வேறு வேறு நெட்வொர்க் இருக்கும். டெல்டா டென்டலில் பி.பி.ஓ. என்று ஒன்று, பிரீமியர் என்று ஒன்று. பிரீமியரில் மட்டும் இருக்கும் டென்டிஸ்டிடம் பி.பி.ஓ. பிளானோடு போனால் கையிலிருந்து கூடுதலாகப் போகும். அப்படியே, வருட வரம்பு தீர்ந்த பிறகும் ஒப்பந்த விலைதானா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இம்பிளான்ட்டுக்கு வருவோம். பிளான் தொடங்குவதற்கு முன்பே போன பல்லுக்கு மாற்றுப் பல் வைக்கப் பணம் தர மாட்டோம் என்று பல தனி பிளான்களில் ஒரு விதி இருக்கும். மூன்று வருடம் முன்பு எடுத்த பல் நேராக அதில் போய் மாட்டும். பழைய கம்பெனி பிளானில் இருக்கும்போதுதான் பல்லை எடுத்தீர்கள் என்றால், அதே பிளான் கோப்ராவில் தொடரும்போது வாய்ப்பு இருக்கலாம். இம்பிளான்ட்டையே ஒப்புக்கொள்ளாத பிளான்களும் உண்டு என்பதால் பிளானின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். ஒப்புக்கொண்டாலும் இந்த வருடம் வேண்டாம், வரம்பை ரூட் கெனாலும் கேப்பும் தின்றுவிடும். ஜனவரியில் புது வரம்பு தொடங்கும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் செய்ய இரண்டு வழி சொல்கிறேன். டாலஸிலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். வெளியே இருப்பதைவிடச் செலவு குறைவு, நேரம் அதிகம். இன்னொன்று நீங்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள், ஊருக்குப் போகும்போது செய்துகொள்வது. ரூட் கெனாலும் கேப்பும் மூன்று வார லீவில் முடியும். இம்பிளான்ட் முடியாது. எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும், அதன் பிறகுதான் மேலே பல். ஆக இரண்டு பயணம். உங்களுக்குச் சுகர் வேறு இருப்பதால், இடையில் ஏதாவது தொந்தரவு வந்தால் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் என் யோசனை வேறு மாதிரி. 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, 19 வயது வரை பல்லும் கண்ணும் கட்டாயப் பலன்களில் சேர்ந்தவை. கண் பெரும்பாலும் உங்கள் மெடிக்கல் பிளானுக்குள்ளேயே இருக்கும். வருடம் ஒரு பரிசோதனையும் ஒரு கண்ணாடியும் என்பது வழக்கமான அளவு. அப்புறம் எதற்குக் குழந்தைகளுக்குத் தனியாக விஷன் பிளான்? பல் மட்டும் சில மெடிக்கல் பிளான்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உங்கள் பிளானின் சுருக்கத் தாளில் ‘குழந்தைகள் பல் பரிசோதனை’ என்ற வரியைப் பாருங்கள். இல்லையென்றால், மார்க்கெட்பிளேஸ் அங்கீகரித்த தனி டென்டல் பிளானில் இருவரையும் சேர்ப்பது நல்லது. பெரியவர்களுக்கு உள்ள அந்த வருட உச்சவரம்பு இதில் குழந்தைகளுக்குக் கிடையாது. நெட்வொர்க்குக்குள் போனால் உங்கள் கைச்செலவுக்குத்தான் வரம்பு, அதுவும் ஒரு பிள்ளைக்குச் சில நூறு டாலர்தான். மார்க்கெட்பிளேஸில் டென்டலை மட்டும் தனியாக வாங்க விட மாட்டார்கள், மெடிக்கலோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். வேலை போன 60 நாள் கணக்கு உங்களுக்கு இன்னும் முடியவில்லை. அதனால் இப்போதே சேர்க்க முடிகிறதா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த வருடத்துக்கான சேர்க்கை நவம்பர் 1-இல் திறக்கும்.

மகளின் கிளிப் இதில் வராது. மருத்துவக் காரணத்துக்காகத் தேவை என்று நிரூபித்தால்தான் தருவார்கள், வரிசை சரியில்லை என்பது போதாது. தனி பிளான்களில் கிளிப்புக்கு வாழ்நாள் வரம்பு 1,000, 1,500 டாலர் மாதிரி இருக்கும். அதற்கு முன் நீண்ட காத்திருப்பு. வருடக்கணக்கில் கட்டிய பிரீமியத்தைக் கூட்டினால் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிளிப் டாக்டர்கள் பலர் வட்டியில்லாத மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்கிறார்கள், அதைப் பேசுங்கள்.

மனைவிக்குப் பல்லில் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். பல டென்டிஸ்ட் அலுவலகங்கள் சொந்தமாக உறுப்பினர் திட்டம் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு 300, 400 டாலர் கட்டினால் இரண்டு கிளீனிங், பரிசோதனை, எக்ஸ்-ரே எல்லாம் அதற்குள், மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் தள்ளுபடி. இது இன்சூரன்ஸ் இல்லை, ஆனால் அவருக்கு இது போதும். ஆன்லைனில் ‘டென்டல் பிளான்’ என்ற பெயரில் விற்கும் தள்ளுபடி அட்டைகளும் இன்சூரன்ஸ் இல்லை. வித்தியாசம் தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

இனி கண். விஷன் பிளான் என்பது முன்பணம் கட்டி வாங்கும் கூப்பன் புத்தகம், அவ்வளவுதான். உங்களுக்கு அது வேண்டாம். சுகர் இருப்பதால் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்ப்பது மருத்துவப் பரிசோதனை. அது மெடிக்கல் இன்சூரன்ஸில் போக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே “டயபெட்டிக் கண் பரிசோதனை, மெடிக்கல் இன்சூரன்ஸில்” என்று சொல்லிவிடுங்கள், டாக்டர் உங்கள் மெடிக்கல் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ப்ரான்ஸ் பிளானில் டிடக்டிபிள் பெரியது என்பதால் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்தே போகலாம். போனாலும் அது டிடக்டிபிள் கணக்கில் ஏறும். பவர் பார்ப்பதற்குத் தனியாக ஒரு சின்னக் கட்டணம் கேட்பார்கள், அது பொதுவாக மெடிக்கலில் வராது.

மனைவிக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாம். பிளான் இல்லாமல், பரிசோதனை 90, லென்ஸ் பொருத்திப் பார்க்க 60, ஒரு வருட லென்ஸ் 260, வீட்டில் போட ஆன்லைனில் ஒரு கண்ணாடி 70, மொத்தம் 480 டாலர் என்று வையுங்கள். மாதம் 16 டாலர் விஷன் பிளான் எடுத்தால் பிரீமியம் 192, பரிசோதனைக்கு 15, பொருத்த 60, லென்ஸில் 150 டாலர் பிளான் தந்தது போக 110. பெரும்பாலான பிளான்களில் ஒரு வருடத்தில் லென்ஸ் அல்லது கண்ணாடி, ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம். ஆக கண்ணாடி 70 மறுபடியும் உங்களுடையது. மொத்தம் 447. மிச்சம் 33 டாலர். அந்த 33 டாலருக்காக அவருக்குப் பிடித்த டாக்டரை மாற்ற வேண்டி வந்தால் எடுக்காதீர்கள். கோப்ரா படிவத்தில் விஷன் இதைவிடக் குறைவாக இருந்தால், அவர் பெயரில் அதை மட்டும் எடுக்கலாம்.

எப்படியானாலும் பவர் சீட்டு உங்கள் சொத்து. பரிசோதனை முடிந்ததும் கேட்காமலே, தனிக் கட்டணம் இல்லாமல் கையில் தர வேண்டும் என்பது மத்திய விதி. லென்ஸ் சீட்டுக்கும் அப்படித்தான். அந்தச் சீட்டோடு காஸ்ட்கோவோ ஆன்லைனோ, எங்கே விலை சரியோ அங்கே வாங்குங்கள்.

வரி பற்றி இரண்டே வார்த்தை. 2026 முதல் மார்க்கெட்பிளேஸ் ப்ரான்ஸ் பிளான்கள், மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்குக்குத் தகுதி பெற்றுவிட்டன. குடும்பத்துக்கு 2026-இல் 8,750 டாலர் வரை போடலாம், வருடத்தில் தகுதியுள்ள மாதங்களைப் பொறுத்து அது குறையும். பல், கண் செலவுகளை அதிலிருந்து கட்டலாம். கோப்ரா பிரீமியத்தையும் கட்டலாம், ஆனால் தனியாக வாங்கும் டென்டல் பிளானின் பிரீமியத்தைக் கட்டக் கூடாது. அந்தத் தனி பிரீமியத்தைச் சொந்தத் தொழில் செய்பவர் தன் லாபத்துக்குள் வரிக்கழிவாகக் காட்டலாம். உங்கள் கம்பெனியை எந்த வகையில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால் வரிக் கணக்காளரான சி.பி.ஏ.-விடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். கோப்ராவைத் தாராளமாக நிறுத்தலாம். பணம் கட்டாமல் விட்டால் நின்றுவிடும், ஆனால் திரும்ப உள்ளே வர முடியாது. தனி பிளான்களில் ஒரு வருடம் கட்டாயம் என்று சிலவற்றில் இருக்கும். இடையில் விட்டவரை ஒன்றிரண்டு வருடம் சேர்க்காத கம்பெனிகளும் உண்டு. கோப்ராவை விடும் அன்றே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை டென்டல் இருந்தது என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பிறகு இடைவெளி விடாமல் தனி பிளானுக்குப் போனால், அந்தக் கடிதத்தைப் பார்த்துக் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. இப்போதைக்கு கோப்ரா படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.